மேல்மண்ணும் அடிநிலமும்

சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்குச் செல்லும் வழியில் உள்ளது மம்பாவ். ஒரு காலத்தில் அதைச் சுற்றிலும் கித்தா மரங்கள் நின்றன. பின்னர்ப் பல இடங்களில் செம்பனை வந்தது. இன்று வீடமைப்புத் திட்டங்கள் தோட்டத்தின் ஓரங்களைக் கடித்துக்கொண்டே உள்ளே வருகின்றன. மரம் மாறினாலும் மண் மாறவில்லை. மழை பெய்தால் சிவப்பாய்க் கரைந்தோடும் மண். வெயிலில் காய்ந்தால் செங்கற்பொடியாய்க் காலில் அப்பும் மண். ஓரிடத்தில் மண்வெட்டி பட்டதும் வெண்ணெய்போல் வழிவிடும், பத்தடி தள்ளி வெட்டினால் சொறிக்கல்லில் மோதிப் பொறி பறக்கும். கன்று நடுவதற்குக் குழி வெட்டிய பாட்டாளிகள், எந்த நிரை கிடைத்தால் அன்றைய கூலி தேறும், எந்த நிரை கிடைத்தால் தேறாது என்பதை மேட்டைப் பார்த்த அளவிலேயே சொல்லிவிடுவார்கள். லாலாங் புல் அடர்ந்த சரிவு அவர்களுக்கு ஒரு செய்தி சொல்லும். பெரணி மண்டிய ஈரப்பள்ளம் வேறொரு செய்தி சொல்லும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று கிராணியின் கணக்கேட்டில் குறிக்கப்பட்டவர்கள், நிலத்தின் மேனியைப் படிக்கத் தெரிந்தவர்களாக இருந்தார்கள்.

ஆயினும் அவர்கள் படித்த அந்த ஏடு மூன்றடிக்கு மேல் ஆழமில்லாதது. அதற்கும் கீழே என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டிய தேவை தோட்ட வாழ்வில் எழுந்ததில்லை. கிணறு வெட்டிய நாள்களில் மட்டும் எழுந்திருக்கலாம். இத்தனைக்கும் மம்பாவைக் கடந்து செல்லும் சாலை போய்ச் சேர்வது, 1960களில் எழுந்த இரு பெரும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் பெயர்பெற்ற போர்ட்டிக்சனில். அங்கே காய்ச்சி வடிக்கப்பட்ட எண்ணெய், எங்கோ ஒரு நிலத்தின் அடியிலோ கடலின் அடியிலோ, கிலோமீட்டர்க் கணக்கான ஆழத்திலிருந்து வந்தது. கண் காணாத அந்த ஆழத்தில், இன்ன இடத்தில் துளையிட்டால் எண்ணெய் கிடைக்கக்கூடும் என்று ஒருவர் எவ்வாறு துணிந்து சொன்னார்? குருட்டாம்போக்கில் துளையிட்டுப் பார்க்கும் தொழில் இதுவன்று. ஓர் ஆழ்துளையின் செலவில் பல பள்ளிக்கூடங்கள் கட்டிவிடலாம்.

சந்தையில் பானை வாங்கப் போகும் பெண் அதை விரலால் சுண்டிப் பார்க்கிறாள். கணீரென்று ஒலித்தால் நல்ல பானை. ஒலி மங்கினால் எங்கோ விரிசல். நிலஅதிர்வு ஆய்வின் தத்துவமும் ஏறத்தாழ இதுவே. நிலத்தில் சில மீட்டர் முதல் சில பத்து மீட்டர் வரை ஒடுங்கிய துளையிட்டு, அடியில் வெடிமருந்து வைத்து வெடிக்கச் செய்வர். அல்லது கனத்த வண்டியொன்றை நிறுத்தி, அதன் அடியிலுள்ள இரும்புத் தட்டால் நிலத்தை நடுக்குவர். அதிர்வலை கீழே இறங்கும். பாறையடுக்கு மாறுகின்ற ஒவ்வோர் எல்லையிலும் அதன் ஒரு பகுதி எதிரொலியாய்த் திரும்பி மேலேறும். மேலே நெடுவரிசையில் ஊன்றிவைத்த ஜியோபோன் என்னும் உணர்கருவிகள் அந்த நடுக்கத்தை வாங்கிப் பதிவு செய்யும். ஆறேழு நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும். பின்னர்க் கருவிகளை நகர்த்தி, அடுத்த துளையில் அடுத்த வெடி. இவ்வாறு ஆயிரக்கணக்கான எதிரொலிகளை அடுக்கிப் பார்க்கும்போது, அடிநிலத்தின் மேடுபள்ளங்கள் கோட்டுச் சித்திரமாய் எழுகின்றன. எண்ணெய் நீரைவிட இலேசானது; பாறையின் நுண்துளைகள் வழியே மேலே ஏற முயல்வது. கவிழ்த்த கிண்ணம்போல் வளைந்த ஒரு பாறையடுக்கு மேலே தடுத்து நின்றால், அதன் அடியில் தங்கிவிடும். அந்தக் கவிழ்ந்த கிண்ணத்தைத் தேடுவதே இவ்வளவு முயற்சியும்.

இந்த எதிரொலி முறை பிறந்த கதையில் மாணவர் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில், ஆர்பக்கிள் மலைப்பகுதியில் 1921 ஆகஸ்டில் கார்ச்சர் என்னும் இயற்பியலாரும் அவர் குழுவினரும் இதனைச் செய்து பார்த்தார்கள். ஏன் அந்த இடம்? அங்கே பாறையடுக்குகள் சாய்ந்து, தரைக்கு மேலேயே தலைகாட்டி நின்றன. இன்ன களிப்பாறைக்குக் கீழே இன்ன சுண்ணாம்புப் பாறை இருக்கிறது என்பதை நிலவியலார் கண்ணால் கண்டு அறிந்திருந்தனர். கருவி சொல்வது மெய்யா பொய்யா என்று சரிபார்க்க அந்தச் சான்று வேண்டியிருந்தது. ஆழத்தைக் கேட்கும் கருவி, தன் முதற்பாடத்தை மேற்பரப்பைப் பார்த்துத்தான் கற்றது. பிற்காலத்தில் கருவிகள் பெருகப் பெருக, இந்த உறவைச் சிலர் மறந்தார்கள். மேலே என்ன மண் இருந்தால் என்ன, கருவி கீழே பார்த்துக்கொள்ளும் என்று எண்ணினார்கள். அது பெருந்தவறு. அதன் காரணத்தை விளக்க ஒரு சிறு கணக்குப் போதும்.

கருவி ஆழத்தை அளப்பதில்லை. அது அளப்பது நேரம். அலை போய்த் திரும்ப இத்தனை நொடி என்பதே அதற்குத் தெரியும். நேரத்தை ஆழமாக மாற்ற வேண்டுமானால் அலை சென்ற வேகம் தெரிய வேண்டும். இறுகிய பாறையில் அலை நொடிக்கு 3000 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று கொள்க. காய்ந்து உதிர்ந்த மேல்மண்ணிலோ அது நொடிக்கு 500 மீட்டர் வேகத்தில் தவழ்கிறது. ஜியோபோன் ஊன்றிய ஓரிடத்தில் உதிர்மண் 10 மீட்டர் கூடுதல் தடிப்பாக இருந்தால் என்ன ஆகும்? அந்தப் பத்து மீட்டரைக் கடக்க அலைக்கு ஒரு நொடியில் 50இல் ஒரு பங்கு நேரம் ஆகும். அதே தொலைவு பாறையாய் இருந்தால் 300இல் ஒரு பங்கு போதும். இரண்டிற்கும் உள்ள வேறுபாடு ஒரு நொடியில் 60இல் ஒரு பங்கு. கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. ஆனால் அந்தத் தாமதத்தை அறியாமல் ஆழக் கணக்குப் போட்டால், அடிநிலத்தில் 25 மீட்டர் பள்ளம் ஒன்று படத்தில் தோன்றும். உண்மையில் அங்கே பள்ளமே இல்லை. மாறாக, உதிர்மண் மெலிந்த இடத்தில் இல்லாத மேடு ஒன்று எழுந்து நிற்கும். தேடப்படும் கவிழ்ந்த கிண்ணத்தின் உயரமே சில வேளைகளில் இருபது முப்பது மீட்டர்தான். ஆகவே மேல்மண்ணின் பொய்யை நம்பி, வெறும் பாறையில் துளையிட நேரும். எண்ணெய்த் தேட்டத்தின் வரலாற்றில் இத்தகைய ஏமாற்றங்கள் குறைவல்ல.

இந்தத் தாமதத்தைக் களைவதற்கு ஆய்வாளர் ஆங்காங்கே ஆழமாகத் துளையிட்டு, மேல்மண்ணில் அலையின் வேகத்தை நேரடியாக அளக்கின்றனர். ஆனால் அத்தகைய துளைகளை அடிக்கொன்றாகப் போட முடியாது. ஒரு துளையில் அளந்த வேகம் எவ்வளவு தொலைவு வரை செல்லுபடியாகும்? அடுத்த ஓடை வரையா, அடுத்த மேடு வரையா? இந்த வினாவுக்கு விடை சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று: அந்த நிலத்தின் மேற்பரப்பு எங்கெங்கே எந்தெந்த மண்ணால், எந்தெந்தப் பாறையால் ஆனது என்று காட்டும் வரைபடம்.

மேற்பரப்பை மட்டுமே படித்து எண்ணெய் கண்ட காலமும் உண்டு. சரவாக்கின் மீரியில், அதிர்வு ஆய்வு என்னும் சொல்லே பிறக்காத 1910ஆம் ஆண்டில் மலேசியாவின் முதல் எண்ணெய்க் கிணறு கனடாக் குன்றின்மேல் தோண்டப்பட்டது. அவ்வூர் மக்கள் நிலத்தில் கசிந்த எண்ணெயை அதற்கு நெடுநாள் முன்பே கையால் தோண்டி எடுத்து வந்தார்கள். ஷெல் நிறுவனத்தின் நிலவியலார், கசிவையும் குன்றின் பாறை மடிந்திருந்த விதத்தையும் கண்டு இடம் குறித்தார். 1972 வரை அந்தக் கிணறு எண்ணெய் தந்தது. அத்தனை வெளிப்படையாய்த் தன்னைக் காட்டிக்கொள்ளும் நிலம் உலகில் அரிது.

தமிழகத்தில் நிலம் வேறு வகையாய்ப் பேசிற்று. அரியலூர், பெரம்பலூர்ப் பக்கங்களில் கரிசலும் செம்மண்ணும் கலந்த வறண்ட மேட்டில், உழவரின் கலப்பையில் சிப்பிகளும் சுருட்சங்கு போன்ற கற்களும் சிக்கும். 10 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கடலின் எச்சங்கள் அவை. ஹென்றி பிளான்ஃபோர்டு என்னும் நிலவியலார் அப்பகுதியைக் காலால் நடந்து அளந்து, உத்தட்டூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று பாறைத்தொகுதிகளாய்ப் பிரித்து எழுதிய ஆய்வு 1862இல் வெளிவந்தது. இன்றும் அந்தப் பெயர்கள் வழக்கில் உள்ளன. அவ்வழியே உள்ள கல்லக்குடியைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். 1953இல் டால்மியாபுரம் என்ற பெயரை மாற்றக் கோரி நடந்த போராட்டத்தால் அறிவர். அங்கே சிமெண்டு ஆலை வந்ததற்குக் காரணமான சுண்ணாம்புக்கல், டைனோசர்கள் வாழ்ந்த காலத்துக் கடலில் படிந்தது என்பதை அறிந்தோர் சிலரே. பெயருக்காகத் தண்டவாளத்தில் தலைவைத்த வரலாறு பாடநூலில் இருக்கிறது. தண்டவாளத்துக்குக் கீழே இருந்த வரலாறும் அதே பாடநூலில் இடம்பெறலாம்.

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள ஒரு மரம் முழுதும் கல்லாய்க் கிடக்கிறது. 1940இல் அதனைக் கண்டு அறிவித்தவர் எம். எஸ். கிருஷ்ணன் என்னும் தமிழர். இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியரும் அவரே. 1961இல் ஐதராபாத்தில் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டபோது, அதன் முதல் இயக்குநராகவும் அவரே அமர்ந்தார். மேற்பரப்பில் கிடந்த கல்மரத்தைப் படித்த கண்ணும், ஆழத்தைக் கருவியால் அளக்கும் நிறுவனத்தை நடத்திய கையும் ஒருவருடையவாய் இருந்தன.

அரியலூரில் வெளியே தலைகாட்டும் அந்தப் பாறைகள் கிழக்கே சாய்ந்து சாய்ந்து, காவிரியின் வண்டலுக்கு அடியில் புதைந்துபோகின்றன. ஆகவே அரியலூர் மேட்டில் நடந்து பார்த்தவன், தஞ்சைச் சமவெளியின் அடியில் என்ன இருக்கக்கூடும் என்பதன் மாதிரியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டான். வயற்பரப்பு பலகைபோல் சமமாய்க் கிடக்கிறது. அதன் அடியிலோ முகடுகளும் பள்ளங்களும் மாறி மாறிப் புதைந்து கிடக்கின்றன. அவற்றுக்கு நிலவியலார் இட்ட பெயர்கள் தமிழ் நெஞ்சைத் தொடுவன. கும்பகோணம், காரைக்கால், வேதாரணியம் என்பன முகடுகளின் பெயர்கள். தஞ்சாவூர், தரங்கம்பாடி, நாகப்பட்டினம் என்பன பள்ளங்களின் பெயர்கள். மேலே கோயிலும் குளமுமாய் ஒரு சோழநாடு. கீழே ஒளி புகாத இன்னொரு சோழநாடு. இந்திய எண்ணெய், இயற்கை எரிவாயு ஆணையம் அங்கே தன் முதல் ஆழ்துளையைக் காரைக்காலில் 1964இல் இட்டது. அதன்பின் இருபது ஆண்டுகள் போல் முயன்று, 1980களில் நாகப்பட்டினத்துக்கு அருகே நரிமணத்தில் எண்ணெய் கண்டது. பக்கத்துப் பனங்குடியில் 1993இல் சுத்திகரிப்பு ஆலையும் எழுந்தது.

நாகப்பட்டினம் என்றதும் மம்பாவ்த் தோட்டத்து மூத்த தலைமுறைக்கு நினைவில் வருவது எண்ணெய் அன்று, கப்பல். 1926 முதல் 1973 வரை ‘ரஜூலா’ அத்துறைக்கு வந்துதான் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் கிள்ளானுக்கும் புறப்பட்டது. சோறு தேடி மூட்டை முடிச்சோடு துறைமுகம் நோக்கி நடந்தவர்கள், தங்கள் காலடியில் செல்வம் புதைந்திருந்ததை அறியார். அறிந்திருந்தால்தான் என்ன? அது அவர்களுக்கு உரியதாய் இருந்திராது.

இனித் துணைக்கோளுக்கு வருவோம் என்று சொல்லும் முன், ஒன்றை ஒதுக்கிவைக்க வேண்டும். நிலத்தை மேற்பரப்பு நோக்கிப் பகுத்த முதல் நூல் தொல்காப்பியம் என்றும், ஆகவே நிலவியல் தமிழரின் கண்டுபிடிப்பு என்றும் மேடையில் முழங்குவோர் உண்டு. தொல்காப்பியர் நிலத்தை முதற்பொருள் என்றது உண்மை. மலை, காடு, வயல், கடற்கரை என்று பகுத்து, அவ்வவற்றின் மரத்தையும் விலங்கையும் தொழிலையும் அதனோடு சேர்த்துக் கண்டது பெருமைக்குரியது. ஆனால் அது பாடலுக்கு வகுத்த இலக்கணம்; பாறைக்கு வகுத்ததன்று. அவர் சொல்லாததை அவர் வாயில் திணிப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. மரத்தைப் பார்த்து மண்ணை அறியலாம் என்னும் பார்வைப் பழக்கம் ஒன்று அதில் இருக்கிறது. அந்த அளவே போதும்.

1972 ஜூலையில் அமெரிக்கா ஏவிய முதல் லேண்ட்சாட் துணைக்கோள், ஏறத்தாழ 900 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 185 கிலோமீட்டர் அகலமுள்ள நிலத்தை ஒரே படமாய்ப் பிடித்தது. பிளான்ஃபோர்டு ஆண்டுக்கணக்கில் நடந்த நிலம் முழுதும் அதில் ஒரு மூலைக்குள் அடங்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் அது தனித்தனியே பதிவு செய்தது. 1982இல் பறந்த நான்காம் லேண்ட்சாட்டில் ஏழு வகை ஒளிப்பட்டைகள் இருந்தன. அவற்றுள் ஏழாவது பட்டை நிலவியலார் வற்புறுத்திக் கேட்டதால் சேர்க்கப்பட்டது. களிமண் இனத்துக் கனிமங்கள் அந்த ஒளியை உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையவை. ஆகவே களி இருக்கும் இடம் படத்தில் இருண்டு தோன்றும். இந்தியா தன் தொலையுணர்வுத் துணைக்கோளான ஐஆர்எஸ்-1ஏ என்பதை 1988 மார்ச்சில் அனுப்பியது. 2000 பிப்ரவரியில் அமெரிக்க விண்ணோடம் ஒன்று பதினொரு நாளில் உலக நிலப்பரப்பின் பெரும்பகுதியை ராடாரால் அளந்து, மேடுபள்ளங்களின் உயரத்தைத் தந்தது. 2008 முதல் லேண்ட்சாட் படங்கள் எல்லார்க்கும் விலையின்றிக் கிடைக்கின்றன. ஒரு காலத்தில் பெரிய நிறுவனங்கள் பணம் கொடுத்து வாங்கியதை, இன்று தோட்டப்புறத்து மாணவன் கணினியில் இறக்கிப் பார்க்கலாம்.

வானிலிருந்து பார்ப்பதால் எல்லாம் தெரிந்துவிடும் என்று கருதலாகாது. மலேசியா போன்ற மழைநாட்டில் துணைக்கோள் பாறையைப் பார்ப்பதே இல்லை. அது பார்ப்பது இலையை. மேகம் மறைத்தால் அதுவும் இல்லை. மேகத்தை ஊடுருவும் ராடார் ஒன்றே அங்கே கைகொடுக்கும். அதிலும் காட்டின் கூரை மேடுபள்ளமாய்த் தெரிவதைக் கொண்டும், ஆறுகள் திரும்பும் திருப்பத்தைக் கொண்டும்தான் அடியிலுள்ள பாறையை ஊகிக்க வேண்டும். மாறாக, 1981இல் விண்ணோடத்தில் சென்ற ராடார் ஒன்று சகாராவின் காய்ந்த மணலை ஊடுருவி, அதற்கடியில் புதைந்திருந்த பழைய ஆற்றுத் தடங்களைக் காட்டியது. நீர் ததும்பும் தஞ்சை வயலில் அந்த வித்தை பலிக்காது. எந்தக் கண்ணாடி எந்த நிலத்துக்குப் பொருந்தும் என்று அறிந்தவனே இதில் தேர்ந்தவன்.

மம்பாவ் வட்டாரத் தோட்டம் ஒன்றில் மண்டோராய் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். 1950இல் ஏழு வயதுச் சிறுவனாய், தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர். திருமருகல் பக்கத்துச் சிற்றூர் அவருடையது. அவருடைய பேரன் மலாயாப் பல்கலைக்கழகத்தில் நிலவியல் பயில்கிறான். விடுமுறையில் வந்தவன், தன் பயிற்சிக்காக எடுத்திருந்த காவிரிக் கழிமுகத்தின் துணைக்கோள் படம் ஒன்றைத் தாத்தாவின் முன் விரித்தான். தாத்தாவின் ஊர் அதில் இருக்கிறது என்பதே அதனை அவன் தேர்ந்தெடுத்த காரணம்.

பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“என்னய்யா இது, பயிரெல்லாம் ஒரேயடியாச் செவந்து கெடக்கு. பட்டுப்போச்சா?”

“இல்ல தாத்தா. பச்சையா இருக்கிறதத்தான் இதுல சிவப்பாக் காட்டுவாங்க. எவ்வளவு சிவப்போ அவ்வளவு செழிப்பு.”

“நல்ல கூத்து” என்றார் பெரியவர். பிறகு விரலை மெல்ல நகர்த்தி, சிவப்புக்கு நடுவே வெளிறிய நிறத்தில் பாம்புபோல் வளைந்து சென்ற ஒரு பட்டையின்மேல் நிறுத்தினார். பேரன் சொன்னான்: “அது பழைய ஆத்துத் தடம் தாத்தா. எந்தக் காலத்திலயோ காவிரியோட ஒரு கெள அந்த வழியா ஓடிருக்கு. இப்ப மணல் மூடிக் கெடக்கு.”

“ஆறா? எங்கப்பா அத மணக்கொல்லைன்னு சொல்லுவாரு. அங்க நெல்லு போட முடியாது, தண்ணி நிக்காது. மாடு எறங்குனா காலு பொதையும். இந்தப் பக்கம் இருக்கே, இது களி வயலு. கோடையில வெடிச்சுக் கெடக்கும், அந்த வெடிப்புக்குள்ள என் காலே மாட்டிக்கிட்டிருக்கு. அதுக்கும் அங்கிட்டு உப்புக்கொல்லை.”

பேரன் பென்சிலை எடுத்துக்கொண்டான். லயத்து வாசலில் மாலை வேளைகளில் தந்தை திரும்பத் திரும்பச் சொல்லக் கேட்டு, எழுபது ஆண்டுக்கு மேலாக நெஞ்சில் கிடந்த வயற்பெயர்களை, பெரியவர் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சொன்னார். மணக்கொல்லை, திட்டு, படுகை, உப்புக்கொல்லை, பள்ளவயல். படத்தில் நிறம் மாறிய இடங்களும் பெயர் மாறிய இடங்களும் பெரும்பாலும் ஒன்றாய் இருந்தன. எல்லாமே பொருந்தின என்று சொல்வதற்கில்லை. பெரியவரின் நினைவில் ஒரு குளம் இருந்த இடத்தில் படத்தில் வீடுகள் இருந்தன. படத்தில் இருந்த ஒரு பெரிய நீர்ப்பரப்பு அவர் நினைவில் இல்லை. அது இறால் பண்ணையாய் இருக்கக்கூடும் என்றான் பேரன்.

ஊர்ப்பெயர் ஆராய்வோர் மேடு, திட்டு, படுகை, துறை என்னும் ஈறுகளை மொழிக்குரிய செல்வமாய்க் காண்பர். அதிர்வு ஆய்வுக் குழுவுக்கோ அவை வேலைக்குதவும் செய்திகள். மணக்கொல்லையின் காய்ந்த மணலில் வெடி வைத்தால் அதிர்வின் வலிமையை மணலே விழுங்கிவிடும், எதிரொலி மங்கும். நீர் ஊறிய களியில், நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே வைத்த சிறு வெடி நன்றாய்ப் பேசும். ஆற்றுத் தடம் தொடங்கும் இடத்தில் அலையின் வேகம் மாறும். அங்கே வேக அளவைத் துளை ஒன்று கட்டாயம் வேண்டும். ஒரே களி விரிந்து கிடக்கும் வெளியில் துளைகளைக் குறைத்துக்கொள்ளலாம். இவற்றை முன்னரே அறிந்த குழு, கோட்டைச் சற்றே நகர்த்தி மணலைத் தவிர்க்கும். படத்தில் கிணறும் கோயிலும் வாய்க்கால் கரையும் தெரிவதால், அவற்றிலிருந்து விலகி வெடித்துளைகளைக் குறிக்கும். அறுவடைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை ஒப்பிட்டு, எந்த ஊரில் எப்போது வயல் வெறுமையாகும் என்று கணித்து, நாளையும் குறிக்கும். முன்னரே பாராமல் போகும் குழுவோ மங்கிய எதிரொலியைக் கண்டபின் மறுபடி வந்து, அதே வயலில் மறுபடி துளையிடும். நிலத்தைப் படியாதவன் நிலத்தை இருமுறை அடிக்கிறான்.

யாருடைய வயல் அது? பெரியவரும் அதையே கேட்டார்.

“இந்தக் குழி போடறவங்க வயக்காரன்கிட்டக் கேட்டுட்டுத்தான் எறங்குவாங்களா?”

“கேக்கணும் தாத்தா. பயிர் அழிஞ்சா காசும் குடுக்கணும்.”

“கேக்கணும்கிறது வேற, கேப்பாங்களான்னு கேட்டேன்.”

பேரன் உடனே விடை சொல்லவில்லை. படிப்பு முடிந்ததும் எண்ணெய் ஆய்வு நிறுவனம் ஒன்றில் சேர வேண்டும் என்பது அவன் விருப்பம். அதில் அவனுக்கு வெட்கமொன்றும் இல்லை, தாத்தாவுக்கும் வருத்தமில்லை. தோட்டத்தில் பிறந்த பிள்ளை அப்படியொரு வேலைக்குப் போவதைப் பெருமையாகவே அவர் ஊரெல்லாம் சொல்லி வருகிறார். இருந்தும், உழுத நிலத்தை விட்டு வந்தவரின் வினா உழவர் பக்கத்திலிருந்துதான் வரும்.

அந்த வினா கழிமுகத்திலும் எழுந்தது. 2017இல் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசலிலும் தஞ்சை மாவட்டத்துக் கதிராமங்கலத்திலும் எண்ணெய், எரிவாயுத் திட்டங்களை எதிர்த்து உழவர்கள் நெடுநாள் போராடினர். 2020 பிப்ரவரியில் தமிழகச் சட்டமன்றம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் முதலிய பகுதிகளைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றியது. எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் புதிதாகத் தேடுவதும் துளையிடுவதும் அங்கே தடுக்கப்பட்டன. முன்பிருந்தே நடந்துவந்தவை தொடர்ந்தன. அறிவியல் முன்னேற்றத்துக்கு இது தடை என்று குறைப்படுவோர் உண்டு. அந்தக் குறையில் பாதி, நிலத்தில் கால்வைக்கும் முன் நிலத்துக்குரியவனிடம் பேசும் வழக்கம் இல்லாத காலத்தில் விளைந்தது. நல்ல படம் ஒன்று கையில் இருந்தால் துளைகள் குறையும், சேதம் குறையும். இசைவு கேட்கும் கடமை மட்டும் குறைவதில்லை. உயரே செல்லும் துணைக்கோளுக்கு யாருடைய இசைவும் வேண்டுவதில்லை என்பதால், கீழே இறங்கும் குழுவும் அவ்வாறே எண்ணிவிடக் கூடாது.

சட்டம் வந்ததால் படித்தல் நின்றுவிடவும் இல்லை. காவிரிக் கழிமுகத்தில் பல்லாண்டுகளாய்ப் பதிவான அதிர்வுப் பதிவுகள் இருக்கின்றன. அவை எடுக்கப்பட்ட காலத்தில் மேல்மண்ணைப் பற்றித் தெரிந்தது குறைவு. ஆகவே அவற்றில் இல்லாத மேடுகளும் இல்லாத பள்ளங்களும் கலந்திருக்கக்கூடும். திருச்சியிலுள்ள பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு ஆய்வாளர்கள் துணைக்கோள் படங்களில் காவிரியின் பழைய தடங்களைத் தேடிக் குறித்திருக்கிறார்கள். அத்தகைய வரைபடத்தைப் பழைய பதிவுகளோடு சேர்த்து வைத்து, எங்கே மணல், எங்கே களி என்று பார்த்து, அலையின் தாமதத்தைப் புதிதாய்க் கணக்கிட்டால், புதிய வெடி ஒன்றும் வைக்காமலேயே அடிநிலத்தின் படம் தெளியும். உலகின் பல பகுதிகளில் பழைய பதிவுகளை இவ்வாறு மறுபடி கணக்கிட்டுத் திருத்துவது வழக்கமாகிவிட்டது. பாடம் சரியில்லாத பழஞ்சுவடியை வேறு ஏட்டோடு ஒப்பிட்டு, மூலத்தைக் கிழிக்காமல் திருத்தும் பதிப்பாசிரியரின் வேலை இது. தமிழாசிரியர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

பேரன் விடுமுறை முடிந்து புறப்பட்டபோது, தாத்தா சொன்ன பெயர்களைக் குறித்துக்கொண்ட படத்தைச் சுருட்டி எடுத்துவைத்தான். பெரியவர் அதற்கு ஒரு நகல் வேண்டும் என்றார். சிரம்பானில் நகலெடுத்துக் கொண்டுவந்து தந்தான். அது கறுப்பு வெள்ளையில் வந்திருந்தது. சிவப்பு இல்லாததால் இப்போதுதான் வயல் வயலாய்த் தெரிகிறது என்றார் அவர். அந்தக் குளம் எங்கே போயிற்று என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.